மரையும் பெண்டும்

புதுக்கோட்டை மாவட்டத்தையும் சைக்கிளையும் இணைத்து எழுதப்பட்டவை ஏராளம். 1991-இல் இங்கு வேர்கொண்ட அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்கான பாடமாகச் சேர்த்துக்கொண்டது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் பாடப்பட்டது. 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணி ஒலிக்கப் புதுக்கோட்டைக்குள் வண்டியோட்டி வந்ததை, 1996-இல் வெளிவந்த தம் நூலில் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் அப்போது சைக்கிளில் ஏறினார்கள் என்பது அவர் தரும் கணக்கு. ஓராண்டில் லேடீஸ் சைக்கிள் விற்பனை 350 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்ததாக ஒரு வியாபாரி அவரிடம் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்வதற்கு முன், கேட்பவர் விற்பனைவரி அலுவலகத்து ஆளோ என்று சந்தேகித்தாராம்.

பெண்கள் வண்டியில் ஏறியது இவ்வாறு நன்றாகவே எழுதப்பட்டுவிட்டது. ஓடிய வண்டி வழியில் நின்றபோது ஸ்பேனர் யார் கையில் இருந்தது என்பதை எழுதியவர்கள், நாங்கள் படித்தவரையில், குறைவு. ஆலங்குடிப் பக்கம் எங்கள் சுற்றுவட்டாரத்தில் அது எப்போதும் கடைக்காரர் கையில்தான் இருந்தது. சைக்கிள் கடை வைத்த பெண் ஒருவரையும் நாங்கள் கண்டதில்லை. கற்றுக்கொண்ட விடுதலையின் பாதி, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகைக்குள் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

எங்கள் அம்மா 1992-இல் ஓட்டக் கற்றவர். பள்ளிக்கூடத் திடலில், வாடகைக்கு எடுத்த ஆண்கள் சைக்கிளில், மூன்று பெண்கள் பின்னால் பிடித்துக்கொள்ளப் பழகியவர். பிறகு கடனில் வாங்கிய சொந்த வண்டியும் குறுக்குக் கம்பி வைத்த 28 அங்குல வண்டிதான். அந்தக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதற்காகவே ஆண்கள் வண்டியை விரும்பிய பெண்கள் உண்டு என்று சாய்நாத்தும் குறிப்பிடுகிறார். அந்தப் பிள்ளைகள் நாங்கள் இருவரும். இளையவள் கம்பியில், மூத்தவள் கேரியரில், கைப்பிடியில் தூக்குவாளி. கொல்லைக்கும் பால் சொசைட்டிக்கும் ரேஷன் கடைக்கும் அந்த வண்டி முப்பது ஆண்டுகள் போய் வந்தது. அத்தனை ஆண்டிலும் அம்மா அதில் ஒரு நட்டைக்கூடத் திருகியதில்லை. காற்றடிப்பது மட்டும் வீட்டில், மற்றதெல்லாம் கடையில்.

அறுபதைத் தாண்டியபின் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்தது. காலைத் தூக்கிப் போட்டு ஏறவேண்டிய வண்டி ஒத்துவரவில்லை. கொல்லைக்கு மூன்று கிலோமீட்டர். பேருந்து அந்தப் பக்கமே போவதில்லை. ஏதாவது ஒரு மொபெட்டில் யாராவது கொண்டுபோய் விட்டால்தான் உண்டு என்ற நிலை. யாரையும் எதிர்பார்த்து வாசலில் நிற்பது அம்மாவுக்குப் பழக்கமில்லாத காரியம். அதே மாதத்தில்தான் சைக்கிள் கடை மாமாவும், கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், இனி எங்கும் கடை போடப்போவதில்லை என்றார். அம்மா அவரை அண்ணன் என்று அழைப்பதால் எங்களுக்கு அவர் மாமா, எழுபதைக் கடந்தவர். அவருக்குப்பின் சுற்றியுள்ள நான்கு ஊர்களில் சைக்கிளுக்கு என்று ஆள் கிடையாது. பஞ்சர் ஒட்டுகிறவர்கள் உண்டு. அவர்களும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இடம் பிடித்தபின்தான் நம்மைப் பார்ப்பார்கள்.

புது வண்டி வாங்கித் தருவது எங்களால் இயலாத செலவல்ல. ஆனால் புது வண்டியும் ஒருநாள் நிற்கும். அன்றைக்கு மாமா இருக்கமாட்டார். ஆகவே பழைய இரும்புக் கடையில் 900 ரூபாய்க்கு ஒரு மலிவான லேடீஸ் சைக்கிளை வாங்கினோம். பெயர் எழுத்துகள் அழிந்துபோன, 26 அங்குலச் சக்கர வண்டி. மாமா கடையை மூட இன்னும் ஏழு வாரங்கள் இருந்தன. அதற்குள் அந்த வண்டியைப் பழைய பாகங்களால் தேற்றி ஓடவைப்பது, அந்தச் சாக்கில் வேலையைக் கற்பது என்பது ஏற்பாடு. "படிச்ச புள்ளைகளுக்கு இது எதுக்காத்தா?" என்று கேட்டவர், நாங்கள் பதில் சொல்வதற்குள் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை எங்கள் பக்கம் தள்ளிவைத்தார்.

மலிவு வண்டி என்றால் எல்லாமே மட்டம் என்று நினைத்திருந்தோம். மாமா அப்படிப் பார்க்கவில்லை. பிரேமைத் தலைகீழாகப் போட்டு, குழாய்கள் கூடும் இடங்களை ஒவ்வொன்றாக விரல் நகத்தால் கீறிப் பார்த்தார். பெடல் அச்சு போகும் குழலின் அடியில் துரு தின்றிருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினார். முன் கவைக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு நூலைக் கட்டிப் பிரேம் முறுக்கிக்கொள்ளவில்லை என்று உறுதி செய்துகொண்டார். இரும்புக் குழாய் நல்ல இரும்புக் குழாய்தான். உற்பத்தியில் காசு மிச்சம் பிடிப்பது சுற்றுகின்ற இடங்களில்: ஹப்பில், கோனில், பெடலில், பிரீவீலில். பளபளவென்று பெயிண்ட் அடித்தால் வாங்குகிறவர் கண் அங்கே போகும். பால்ரஸ் குண்டு ஓடும் தடத்தை யார் கழற்றிப் பார்க்கப் போகிறார்கள்? சுற்றும் இடங்களை மாற்றிவிட்டால் மலிவு வண்டி மலிவு வண்டியாக இருக்காது என்பதே மாமாவின் முதல் பாடம்.

ஐம்பது வருடத்துப் பாகம் இன்றைய வண்டியில் எப்படிப் பொருந்தும்? இங்கே கொஞ்சம் சரித்திரம் தேவைப்படுகிறது. சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கியது; அட்லஸ் 1951-இல், ஹீரோ 1956-இல். இவர்கள் எல்லோரும் பின்பற்றியது இங்கிலாந்திலிருந்து வந்த கறுப்பு வண்டியின் அளவுகளைத்தான். ஓர் அங்குலத்தில் எத்தனை மரை, செயினின் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறவில்லை. செயின் கண்ணிக்கு அரை அங்குலம் என்பது அன்றும் அதுதான், இன்றும் அதுதான். அதனால்தான் ஒரு வண்டியின் உறுப்பு இன்னொரு வண்டிக்கு உயிர்கொடுக்கிறது. ஏழைகளின் வாகனமாகச் சைக்கிள் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு விலையைவிட இந்தப் பொது அளவே காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அலைபேசி செய்கிறவர்கள் இந்தப் பக்கம் வந்து பார்க்கலாம்.

ஆனால் பொது அளவிலும் பொறி உண்டு. 26 அங்குல டயர் என்று கேட்டு வாங்கினால் இரண்டு வேறு டயர்கள் கிடைக்கும். 26×1⅜ என்று பின்னத்தில் எழுதியிருப்பது ஒன்று, 26×1.75 என்று தசமத்தில் எழுதியிருப்பது இன்னொன்று. இரண்டிலும் 26 இருந்தாலும் ரிம்மின் விட்டம் முன்னதற்கு 590 மில்லிமீட்டர், பின்னதற்கு 559. ஒன்று மற்றொன்றில் உட்காரவே உட்காராது. மாமாவுக்கு மில்லிமீட்டர் கணக்கு தெரியாது. "கோடு போட்டது கோடு போட்டதோட, புள்ளி வச்சது புள்ளி வச்சதோட" என்பார். இதைவிடச் சுருக்கமாக அந்த விதியைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அதேபோல, பழைய 28 அங்குல வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40. எங்கள் வண்டியின் ரிம்மிலோ இரண்டிலும் 36 துளைகள். எனவே அம்மாவின் பழைய வண்டியிலிருந்த அருமையான ஹப்புகளை இதில் ஏற்ற வழியில்லை. பள்ளிப்பிள்ளைகளின் வண்டிகள், அவர்கள் மோட்டார் சைக்கிளுக்கு மாறியபின், பழைய இரும்புக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. அந்தக் குவியலில்தான் 36 துளை ஹப்பைத் தேடினோம்.

எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பதில் மாமா கறாரானவர். டயர், டியூப், பிரேக் கட்டை, பிரேக் கம்பி, செயின், பால்ரஸ் குண்டு ஆகியவை புதிதாகத்தான் வேண்டும். ஹப், கோன், பெடல், கிராங்க், பிரீவீல், சீட்டு ஆகியவற்றைப் பழையதில் பொறுக்கலாம். பொறுக்குவதில்தான் படிப்பே இருக்கிறது. புதிய கோனைக் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அது பளபளக்கும், அவ்வளவுதான். தேய்ந்த கோன் தன் வாழ்க்கையைச் சொல்லும். குண்டுகள் ஓடிய தடம் ஒரே சீராக, மெல்லிய வெள்ளிக் கோடுபோல் இருந்தால் அதை இறுக்கியவன் வேலை தெரிந்தவன். தடம் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகியிருந்தால் அச்சு வளைந்திருக்கிறது. குழி விழுந்திருந்தால் அளவுக்குமீறி இறுக்கியிருக்கிறார்கள், அல்லது கிரீஸ் வற்றியபின்னும் ஓட்டியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத குழியைக் கண்டுபிடிக்கப் பால்பாயிண்ட் பேனாவின் முனையைத் தடத்தில் வைத்து இழுக்க வேண்டும். எங்கேனும் தடுக்கினால் அந்தக் கோன் வேண்டாம். ஒரு சனிக்கிழமை முழுக்க இரும்புக் கடைத் தரையில் உட்கார்ந்து முப்பது நாற்பது கோன்களைப் பேனாவால் தடவிப் பார்த்தோம். தேறியவை ஐந்து.

ஹப்பை மூடுவது அதைவிட நுட்பம். பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குலக் குண்டுகள். கிரீஸை விரலால் அப்பி அதில் அவற்றைப் பதிக்கவேண்டும். கோனை அதிகம் இறுக்கினால் சக்கரம் முனகும், தளர்த்தினால் ஆடும். நடுவே எங்கோ ஓரிடம் இருக்கிறது. அதைக் காட்ட மாமா ஒரு சோதனை வைத்திருந்தார். டயரும் டியூபும் மாட்டிய முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி விட்டுவிட வேண்டும்; வால்வு இருக்கும் பக்கம் சற்றே கனம் என்பதால், சக்கரம் தானாக அசைந்து, வால்வு கீழே வந்து நிற்கவேண்டும். வால்வின் எடை என்ன, ஒரு புளியங்கொட்டை இருக்குமா? அந்த எடைக்குச் சக்கரம் இணங்கினால் இறுக்கம் சரி. நாங்கள் வைத்த சக்கரம் மூன்றாம் நாள் மாலையில் இணங்கியது. மெல்ல ஒரு பக்கம் போய், திரும்பி, இன்னும் கொஞ்சம் போய், வால்வு அடியில் வந்து நின்றது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. பீடியைப் பற்றவைத்தார்.

இடதுபக்கப் பெடலின் மரை மட்டும் எதிர்ச்சுற்று என்பதை ஒவ்வொரு சைக்கிள் கடைப் பையனும் முதல் வாரத்தில் கற்றுவிடுகிறான். மிதிக்க மிதிக்க அச்சுக்குள் நிகழும் நுண்ணிய உருளல் சாதாரண மரையாக இருந்தால் அந்தப் பெடலைக் கழற்றிப் போட்டுவிடும். ஆகையால் அந்தப் பக்கம் மட்டும் தலைகீழாக மரை வெட்டுகிறார்கள். பெடல்கள் நடுவிலுள்ள அச்சில் வலப்பக்கக் கப்புக்கும் இதே கதைதான். மரை என்ற சொல்லையும் இங்கே யோசித்தோம். 'மரை கழன்றவன்' என்று நம் ஊரில் ஒருவனைச் சொல்லும்போது அது பட்டறையிலிருந்து வந்த வசை என்பது நினைவில் இருப்பதில்லை. 'பெண்டு எடுப்பது' அதற்கும் ஒரு படி மேல். வேலை வாங்கிப் பிழிந்துவிட்டான் என்பதற்கு நாம் சொல்லும் இந்தத் தொடர், கோணிய சக்கரத்தை நிமிர்த்தும் வேலைக்குச் சைக்கிள் கடையில் வழங்கும் பெயர்.

அந்த வேலைதான் எங்களைப் பெண்டு எடுத்தது. வண்டியைக் கவிழ்த்துவைத்து, சக்கரத்தைச் சுழற்றி, பிரேக் கட்டைக்கு அருகே ரிம் எங்கே நெருங்குகிறது, எங்கே விலகுகிறது என்று சாக்கட்டியால் குறிக்க வேண்டும். ரிம் வலப்பக்கம் சாய்ந்தால் அந்த இடத்தில் இடப்பக்கக் கம்பிகளை இறுக்கி, வலப்பக்கத்தவற்றைத் தளர்த்த வேண்டும். நிப்பிளைக் கால் சுற்று திருகலாம், அதற்குமேல் கூடாது. இங்கே நிமிர்த்தினால் எதிர்ப்பக்கத்தில் மேடு கிளம்பும். அதைத் தணித்தால் முதலில் நிமிர்த்திய இடம் மறுபடி கோணும். மாமா கண்ணால் பார்ப்பதைக் குறைத்துக் காதால் கேட்பார். கம்பிகளை வரிசையாக விரலால் மீட்டினால், ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுரத்தில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. அவர் இசை கேட்டுப் பழகியவர் அல்லர். ஆனால் ஒரு கம்பி சுரம் தப்பினால் தெருவில் போகும்போதே நின்று திரும்பிப் பார்ப்பார். 72 கம்பிகளை நாங்கள் ஒரு வழிக்குக் கொண்டுவர இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

அம்மாவின் முழங்காலுக்கான தீர்வு பிரீவீலில் இருந்தது. இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது எங்கள் பங்கு என்பதில் சிறிது கர்வம் உண்டு. வண்டியில் இருந்தது முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 5 மீட்டருக்குச் சற்று மேல் போகும்; அம்மாவின் பழைய 28 அங்குல வண்டியில் இதே பற்களுக்கு ஏறத்தாழ 5½ மீட்டர். பின்னால் 22 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு 4 மீட்டர் சொச்சம்தான் போகும். வேகம் குறையும், மிதிக்கும் பாரமும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். கொல்லைக்குப் போகிறவருக்கு வேகம் எதற்கு? இரும்புக் கடையில் 22 பல் பிரீவீல் ஒன்று, கிரீஸும் செம்மண்ணும் கெட்டித்துப்போய்க் கிடைத்தது. இரண்டு இரவு மண்ணெண்ணெயில் ஊறியபின் உள்ளே இருந்த கிளிக் கிளிக் சத்தம் திரும்பியது. பல் நுனிகள் சுறாமீன் பல்போல ஒருபக்கம் கூர்ந்திருந்தால் அதை விட்டுவிட வேண்டும். இதில் அப்படி இல்லை. செயினைப் புதிதாகப் போட்டோம். பின்சக்கரம் கவையில் அரை அங்குலம் முன்னே நகர்ந்துகொண்டது. இனிச் செயினில் 24 கண்ணியை அளந்து, 12 அங்குலம் இருக்கவேண்டியது 12⅛-ஐ எட்டும்போது மாற்றவேண்டும் என்று கொட்டகைத் தகரத்தில் சாக்கட்டியால் எழுதியபோது, "எழுதி வச்சாத்தான் ஞாபகம் இருக்குமா?" என்று மாமா சிரித்தார். எங்களுக்கு அப்படித்தான்.

பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. புதுக் கட்டை, புதுக் கம்பி, அரைமணி நேர வேலை.

வண்டி ஓடத் தயாரானபோது மொத்தச் செலவு 2,100 ரூபாய்க்குள் அடங்கியிருந்தது. புதிய வண்டியோடு ஒப்பிட்டால் மிச்சம் உண்டுதான்; எங்கள் இருவருடைய ஏழு வார இறுதிகளுக்கும் கூலி போட்டால் மிச்சம் எதுவும் நிற்காது. சிக்கனத்துக்காக இதில் இறங்குகிறவர்களை நாங்கள் ஊக்கப்படுத்தமாட்டோம். அம்மா ஏறினார், தெருமுனைவரை போனார், திரும்பினார். "லேசாத்தான் இருக்கு. ஆனா எம்புட்டு மிதிச்சாலும் போகமாட்டேங்குது" என்றார். பற்களின் கணக்கை விளக்கினோம். கேட்டுக்கொண்டார். மறுநாள் கொல்லைக்குப் போய்த் திரும்பியபோது வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் கூடுதலாகியிருந்தது. முழங்காலில் தைலம் தேய்க்கவில்லை. மூன்றாம் நாள் தூக்குவாளியும் கைப்பிடியில் ஏறிவிட்டது.

ஊர் பேசாமல் இருக்குமா? கொட்டகை வாசலில் நாங்கள் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்த வாரங்களில் டீக்கடையிலிருந்து கேலி வந்தது. அதைவிட எங்களைக் கவனிக்கவைத்தது வேறொன்று. அம்மாவோடு 1992-இல் பழகிய பெண்கள், இன்று பாட்டிகளானவர்கள், ஒவ்வொருவராக வந்து சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், செயின் கழன்றால் அந்தக் காலத்திலேயே தாமே மாட்டிக்கொள்வதாகவும், கடைக்குப் போனால் பத்து ஆண்கள் நடுவே நிற்கவேண்டும் என்பதால் பிரேக் இல்லாமலேயே ஒரு வருடம் ஓட்டியதாகவும் சொன்னார். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த வருடம் அவர் கேரியரில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

மாமா கொட்டகையைக் காலி செய்துவிட்டார். வீல் தாங்கும் கவை, பம்பு, கோன் ஸ்பேனர்கள், நிப்பிள் சாவி எல்லாம் ஒரு மரப்பெட்டியில் எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்தன. விலை கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். இப்போது மாலையில் பஞ்சருக்கு இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளாவது வருகிறார்கள். கருவேல முள் இருக்கும்வரை அதற்குக் குறைவிருக்காது. அம்மாவின் பழைய 28 அங்குல வண்டியையும் திண்ணையில் கவிழ்த்துப்போட்டிருக்கிறோம். முப்பது வருடக் காட்டர் பின் அசைய மறுக்கிறது. கிராங்கின் அடியில் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, நட்டை மரையின் முனைவரை தளர்த்தி வைத்துவிட்டு, அதன்மேல் ஒரே அடியாக அடிக்கவேண்டும். தயங்கித் தயங்கித் தட்டினால் பின் வளைந்துவிடும் என்பது மாமாவின் சொல். இரண்டாவது வாரமாக மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறோம். சுத்தியல் அம்மாவிடம் இருக்கிறது.